முதுகுத்தண்டு மயக்கத்தில் இரத்த அழுத்த வீழ்ச்சி: அல்ட்ராசவுண்ட் முன்கணிப்பின் எல்லை

முதுகுத்தண்டு மயக்கத்தில் இடுப்புப் பகுதித் தண்டுவட நீருக்குள் செலுத்தப்படும் பியூபிவக்கைன் என்னும் மரப்பு மருந்து வலியை மட்டும் நிறுத்துவதில்லை. இரத்தக் குழாய்களின் இறுக்கத்தைக் காக்கும் பரிவு நரம்புகளையும் முடக்குகிறது. ஆகஸ்ட் பியர் 1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் கையாண்ட இம்முறையில் இன்றும் மிகுதியாகக் காணப்படும் பக்கவிளைவு இரத்த அழுத்த வீழ்ச்சியே. 952 நோயாளிகளைக் கவனித்து 1992-இல் வெளியான ஓர் ஆய்வில் மூவரில் ஒருவருக்கு அது நேர்ந்தது.

வீழ்ச்சிக்கு வழிகள் இரண்டு. தமனிகள் தளர்வதால் இரத்த ஓட்டத்துக்கான தடை குறைகிறது. சிரைகள் தளர்வதால் இரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்கி, இதயத்துக்குத் திரும்பும் அளவு குறைகிறது. உணர்விழப்பு மார்பின் மேற்பகுதி வரை ஏறினால் இதயத் துடிப்பும் மந்தமாகலாம். அல்ட்ராசவுண்டால் முன்கூட்டி அறிய முயல்வது பெரும்பாலும் இரண்டாவது வழியைத்தான். முன்கணிப்பின் வலிமையும் குறையும் இங்கிருந்தே பிறக்கின்றன.

அளவீடு எளியது. நோயாளி மல்லாந்து படுத்திருக்க, மார்பெலும்பின் கீழ்நுனிக்கு அடியில் கருவியை நெடுக்காக வைத்தால், கல்லீரலை ஒட்டிச் சென்று வலது மேலறையில் சேரும் கீழ்ப்பெருஞ்சிரை திரையில் தெரியும். அந்தச் சேர்விடத்துக்கு ஏறத்தாழ இரண்டு செ.மீ. கீழே, மூச்சை வெளிவிடும்போதும் உள்ளிழுக்கும்போதும் அதன் விட்டம் அளக்கப்படுகிறது. விட்டம் 18 மி.மீ.-இலிருந்து 10 மி.மீ.-க்குச் சுருங்கினால் சுருக்கக் குறியீடு 44 விழுக்காடு. சிரை எவ்வளவு சுருங்குகிறதோ, சிரைகளில் உள்ள இரத்தக் கையிருப்பு அவ்வளவு குறைவு என்று கொள்ளப்படுகிறது. பட்டினியிலும் நீரிழப்பிலும் இருப்பவரிடம் சிரைகள் தளரும்போது, மிச்சமுள்ள சிறு கையிருப்பும் போய்விடும். ஆகவே குறியீடு உயர்ந்தவரிடம் அழுத்தம் சரியும் என எதிர்பார்ப்பது நியாயமே.

நியாயமான அந்த எதிர்பார்ப்பு முழு உண்மையாகிவிடாது. சுவிட்சர்லாந்தில் நடந்து 2018-இல் வெளியான சமவாய்ப்பு ஆய்வில், கீழ்ப்பெருஞ்சிரையைப் பார்த்துத் திரவம் ஏற்றப்பட்ட குழுவில் 27.5 விழுக்காட்டினருக்கும், அவ்வாறு பார்க்காத குழுவில் 42.5 விழுக்காட்டினருக்கும் அழுத்தம் சரிந்தது. பயன் தெளிவு. ஆயினும் திரவக் குறை சரிசெய்யப்பட்ட பின்னரும் நால்வரில் ஒருவருக்கு மேல் சரிவு நேர்ந்திருக்கிறது. அந்த எஞ்சிய பங்கில் தமனித் தளர்ச்சிக்குக் கணிசமான இடம் இருக்க வேண்டும். சிரையின் படம் அதைக் காட்டாது. இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை செய்துகொள்ளும் முதியவர்களிடம் இது இன்னும் முக்கியம். அவர்களிடம் தமனித் தடை இறங்குவதும் வீழ்ச்சிக்குக் காரணமாகலாம். சிரை நிறைந்து தெரிந்தாலும் அவர்களைப் பாதுகாப்பானவர்கள் என்று எழுதிவிடக் கூடாது.

அளப்பதிலும் சிக்கல் உண்டு. ஆழ்ந்து மூச்சிழுத்தால் சிரை அதிகம் சுருங்கும். பதற்றத்தில் வேகமாக மூச்சுவிடுபவரின் எண்ணும் அமைதியாகப் படுத்திருப்பவரின் எண்ணும் ஒன்றல்ல. உடல் பருத்தவரிடமும் குடலில் காற்று மிகுந்தவரிடமும் படம் தெளிவதில்லை. எல்லைக்கோடாக ஆய்வாளர்கள் வெவ்வேறு எண்களை முன்வைத்திருப்பதில் வியப்பில்லை. அழுத்த வீழ்ச்சிக்கு அவர்கள் கொண்ட வரையறையே வேறுபடுகிறது. எனவே ஒற்றை எண்ணைக் கொண்டு ஆம், இல்லை என்று தீர்ப்பதைவிட, முதலில் திரவமா, இரத்தக் குழாய்களை இறுக்கும் குழாய்ச் சுருக்கி மருந்தா என்று தேர்ந்தெடுப்பதற்கு இப்படத்தைப் பயன்படுத்துவதே பொருத்தம். சுருக்கம் மிகுந்தவருக்குத் திரவம் பலன் தர வாய்ப்புண்டு. சுருக்கம் குறைந்தவருக்கு, குறிப்பாக இதயம் பலவீனமான முதியவருக்கு, கூடுதல் திரவம் நுரையீரலில் நீர் கோக்கச் செய்யலாம். அவருக்குக் குழாய்ச் சுருக்கி மருந்தைக் கையருகே வைத்திருப்பதே தேவை.

சிசேரியன் அறுவையில் நிலைமை வேறு. நிறைமாதக் கருப்பை, மல்லாந்த நிலையில் கீழ்ப்பெருஞ்சிரையை ஏறக்குறைய முழுவதும் நசுக்கிவிடுகிறது. அப்போது அதன் விட்டம் உடலின் திரவ நிலையைச் சொல்வதைவிடக் கருப்பையின் அழுத்தத்தையே சொல்கிறது. 2018-இல் வெளியான பன்னாட்டு ஒருமித்த பரிந்துரை, சிசேரியனுக்குக் குழாய்ச் சுருக்கிகளை, முன்னுரிமையாக ஃபினைலெஃப்ரினைத் தடுப்பு மருந்தாக வழக்கமாகவே கொடுக்கச் சொல்கிறது. ஊசி போட்டவுடனே அது தொடங்கப்படுகிறது. எல்லாத் தாய்மாருக்கும் தரப்படும் மருந்தை யாருக்குத் தருவது என்று கணிக்க அங்கே வேலையில்லை.