உதிரத்தை எண்ணிய வரலாறு

திருமலையில் ஏறி இறங்கிய பின்னர் திருச்சானூருக்குச் சென்று தாயாரைச் சேவித்தால்தான் யாத்திரை பூர்த்தியாகும் என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கொள்கை. பம்பாயிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் குடியேறிவிட்ட தமிழ்க் குடும்பங்கள்கூட ஆண்டுக்கொரு முறையேனும் இவ்வூர் மண்ணை மிதிக்க விரும்புகின்றன. பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இவ்வூரைத் திருச்சோகினூர் என்று குறிக்கின்றன. ஆந்திர தேசத்துக்குள் இருந்தாலும் இங்குத் தமிழ் அயல்மொழியன்று.

உண்டியலில் விழும் காணிக்கையை எண்ணும் இடத்துக்குத் திருமலையில் பரகாமணி என்று பெயர். அங்கே குவியும் காசுகளை நினைத்துப் பார்ப்போம். நாணயத்தை அதன் அளவு கொண்டு பிரித்தெண்ணும் யந்திரம் ஒன்றிடம் அக்குவியலை ஒப்படைத்தால் வேலை விரைவில் முடியும். ஆனால் நம் நாட்டு நாணயத்தின் அளவேயுள்ள அயல்நாட்டுக் காசொன்று இடையில் கலந்திருந்தால் யந்திரம் அதனையும் நம் காசாகவே எண்ணிவிடும். இரண்டு காசுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அவற்றை வேறொன்றாகக் கருதும். மனிதன் எண்ணினாலோ கண் சோரும், கை தவறும். எனினும் வேற்றுக் காசை அவன் பார்த்தவுடன் அறிவான். இரத்த அணுக்களை எண்ணுவதிலும் இந்த இரு வகைப் பிழைகளே மாறி மாறி வந்திருக்கின்றன. அவ்வரலாற்றையே இங்கே கூற முற்படுகின்றோம்.

ஒரு கன மில்லிமீட்டர் இரத்தம் என்பது குண்டூசித் தலையளவு. அதற்குள் சிவப்பணுக்கள் 40 முதல் 55 இலட்சம் வரை உள்ளன. வெள்ளணுக்கள் 4,000 முதல் 11,000 வரை. இரத்தம் உறைவதற்கு உதவும் தட்டணுக்கள் ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை. இவற்றை எண்ண வேண்டும் என்று முதன்முதலில் துணிந்தவர் ஜெர்மனியில் டூபிங்கன் நகரத்தைச் சேர்ந்த கார்ல் ஃபியரோர்ட். அவர் 1852-ஆம் ஆண்டில் நுண்ணிய கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை அளந்தெடுத்து, அதைப் பரப்பி, மைக்ராஸ்கோப்பின் கீழ் ஒவ்வொன்றாக எண்ணினார். ஒருவருடைய இரத்தத்தை எண்ணி முடிக்கப் பல மணி நேரம் சென்றது. அத்தகைய பொறுமை வைத்தியசாலைகளுக்குக் கட்டுப்படியாகாது. 1874-இல் பிரான்சு தேசத்து மலாசேயும், 1877-இல் இலண்டன் நகரத்து கவர்ஸும் எண்ணுவதற்கென்றே தனிக் கருவிகளை அமைத்தனர். பின்னர் நாயுபவர் என்பவரின் பெயர் பெற்ற கண்ணாடித் தட்டு உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் இரத்தப் பரிசோதனை செய்யக் கற்ற ஒவ்வொருவரும் அதன் கட்டங்களில் கண்ணைத் தேய்த்தவரே.

அத்தட்டின் அமைப்பைச் சிறிது விரித்துரைத்தல் தகும். கண்ணாடியில் மிக நுண்ணிய கோடுகளால் கட்டங்கள் கீறப்பட்டிருக்கும். மேலே ஒரு மெல்லிய மூடி. இரண்டுக்கும் இடையே உள்ள ஆழம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இரத்தத்தை 200 மடங்கு நீர்த்து, அவ்விடைவெளியில் பரவவிட்டு, 80 சிறு கட்டங்களில் உள்ள சிவப்பணுக்களை எண்ணுவர். வந்த தொகையைப் பதினாயிரத்தால் பெருக்கினால் ஒரு கன மில்லிமீட்டருக்குரிய கணக்குக் கிடைக்கும். அதாவது கட்டத்தின் ஓரத்தில் கிடக்கும் ஓர் அணுவைச் சேர்ப்பதா விடுவதா என்ற ஐயத்தில் பதினாயிரம் அணுக்கள் பிறந்து மறையும்! இரத்தத்தை உறிஞ்சும் குழாயில் கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை ஏறினாலும் கணக்குப் பிசகும்.

ஆனால் கையும் கண்ணும் சற்றும் தவறாத ஒருவர் எண்ணினாலும் பிழை இருந்தே தீரும் என்பதைக் காட்டியவர் வைத்தியர் அல்லர். டப்ளின் நகரத்து கின்னஸ் மது வடிசாலையில் பணியாற்றிய வில்லியம் காஸெட். ஸ்டூடன்ட் என்ற புனைபெயரில் எழுதிய அவர், 1907-இல் இதே வகைத் தட்டில் ஈஸ்ட் நுண்ணுயிர்களை எண்ணிப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அணுக்கள் கட்டங்களில் சமமாகப் பங்கிட்டுக்கொண்டு விழுவதில்லை. முற்றத்தில் விழும் மழைத்துளிகளைப் போலவே விழுகின்றன. நூறு அணுக்களை எண்ணினால் ஏறக்குறைய பத்து முன்பின்னாக இருப்பது இயற்கை. நானூறு எண்ணினால் இருபது. மேலும் மேலும் எண்ணினால் பிழையின் விகிதம் குறையும், முற்றிலும் ஒழியாது.

இவ்வுண்மையை ஆய்வுக்கூடங்கள் எளிதில் ஏற்கவில்லை. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஜோசப் பெர்க்சனும் அவருடைய தோழர்களும் 1930-களில் இதனை ஆராய்ந்தனர். அக்காலத்தில் மாணவர்க்குக் கற்பித்த விதி, ஒரு பகுதியின் எண்ணிக்கைக்கும் மற்றொரு பகுதியின் எண்ணிக்கைக்கும் இடையே குறிப்பிட்ட அளவுக்குமேல் வேற்றுமை இருத்தலாகாது என்பது. கணக்கிட்டுப் பார்த்தால், நேர்மையாக எண்ணுபவன் அவ்விதியை அடிக்கடி மீற நேரும். விதிக்குப் பணிந்த மாணவன், தன்னை அறியாமலோ அறிந்தோ, தான் எதிர்பார்த்த தொகைக்கு ஏற்ப எண்ணத் தலைப்படுகின்றான். எண்கள் மிக அழகாக ஒத்துவருவதே ஐயத்துக்கு இடமாயிற்று. இவ்வரலாற்றிலே நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது இப்பகுதி என்போம்.

இத்தகைய கண்ணாடித் தட்டுகளின் காலத்தில்தான் லூசி வில்ஸ் அம்மையார் 1928-இல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் தோன்றும் கொடிய இரத்தசோகையை ஆராய்ந்தார். 1929-இல் சில மாதங்கள் நம் குன்னூரின் பாஸ்டர் நிலையத்திலும் உழைத்தார். அந்நோயில் சிவப்பணுக்கள் தொகையில் குறைந்து பருமனில் பெருத்திருக்கும். பிற்காலத்தில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்ற சத்தினைத் தேடிச் சென்ற பாதையில் அவர் ஆய்வு முதற்படி.

இனி யந்திரத்துக்கு வருவோம். வாலஸ் கோல்டர் என்ற அமெரிக்கர் எக்ஸ்-ரே கருவிகளை விற்றுப் பழுதுபார்க்கும் அலுவலில் கீழ்த்திசை நாடுகளில் வாழ்ந்தவர். 1941-இல் ஜப்பானியப் படை நெருங்கவே சிங்கப்பூரை விட்டு வெளியேறி, இந்தியா வழியாகச் சுற்றித் தாய்நாடு சேர்ந்தார். தாம் சென்ற மருத்துவமனைகளில் மைக்ராஸ்கோப்பின்மேல் கவிழ்ந்து அணுக்களை எண்ணுவோரைக் கண்டவர் அவர். சிகாகோ நகரில் தம் இல்லத்தின் கீழ்த்தளத்தில் தம்பி ஜோசப்புடன் சேர்ந்து அவர் அமைத்த கருவியின் தத்துவம் மிக எளியது. உப்புநீரில் மின்சாரம் பாய்கிறது. இடையே ஒரு சிறு துளை. அணு ஒன்று துளையைக் கடக்கும்போது மின்சாரம் கணநேரம் தடைப்படுகிறது. ஒவ்வொரு தடையும் ஓர் அணு. தடையின் அளவே அணுவின் பருமன். முதல் துளையைச் சிகரெட்டுப் பெட்டியின் மேலுறையில் சூடேற்றிய ஊசியால் இட்டார் என்று சொல்வதுண்டு. 1953 அக்டோபரில் காப்புரிமை கிடைத்தது. சில நூறு அணுக்களை எண்ணிய இடத்தில் யந்திரம் பல ஆயிரங்களைச் சில விநாடிகளில் எண்ணியது. காஸெட் கண்ட பிழை வெகுவாகச் சுருங்கியது.

ஆயினும் பிழை வேறொரு வாயில் வழியே உள்ளே புகுந்தது. இந்த யந்திரத்துக்குப் பருமன்தான் தெரியும், முகம் தெரியாது. சிறிய உருவாக வருவது தட்டணு, பெரிதாக வருவது சிவப்பணு என்று அது கொள்ளும். இரும்புச்சத்துக் குறைவாலோ பரம்பரைக் குறையாலோ சிவப்பணுக்கள் சிறுத்திருந்தாலும், உடைந்து துண்டுபட்டிருந்தாலும், அவற்றைத் தட்டணுக் கணக்கில் சேர்த்துவிடக் கூடும். வேறு சிலருக்கு, இரத்தம் உறையாதிருக்கப் புட்டியில் இடும் ஈ.டி.டி.ஏ. என்னும் மருந்தே தட்டணுக்களை ஒன்றோடொன்று திரளச் செய்கிறது. திரளை யந்திரம் தட்டணுவாகக் கொள்வதில்லை. உடலில் இரண்டு இலட்சம் இருக்க, சீட்டில் முப்பதாயிரம் என்று அச்சாகும். அதே மனிதரின் இரத்தத்தைச் சிட்ரேட் உப்பு இட்ட புட்டியில் எடுத்து, கலந்த நீருக்காக 1.1-ஆல் பெருக்கிப் பார்த்தால் உண்மை பெரும்பாலும் தெரியவரும்.

டெங்குக் காய்ச்சல் பரவும் காலத்தில் இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. தட்டணு எத்தனை என்பதைக் கேட்டே உற்றார் நடுங்குகின்றனர்; தட்டணுவைத் தானமாகத் தரும் ஆளைத் தேடி இரவெல்லாம் அலைகின்றனர். உறவினர் அருகில்லாத பிற மாகாணத்து வாழ்வில் அவ்வலைச்சல் எத்தகையது என்பதை நேயர்கள் அறிவீர்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, இருபதாயிரமோ அதற்குக் குறைவாகவோ தட்டணு உள்ள, இரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிகளுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றுவதால் இரத்தக்கசிவு தடுக்கப்படவில்லை என்று கண்டது. மேலும், எண்ணிக்கை மிகத் தாழ்ந்திருக்கும் அந்நிலையிலேதான் யந்திரத்தின் கணக்கும் மிகத் தடுமாறுகிறது.

திருச்சானூரிலிருந்து சித்தூர் வழியாகத் தெற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் வேலூர். 1911 வரை சித்தூரே வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரமாக இருந்தது. ஆதலால் இவ்விரு ஊர்களும் ஒரு காலத்தில் ஒரே ஜில்லா. 1900-இல் ஐடா ஸ்கட்டர் அம்மையார் ஒரு படுக்கையோடு வேலூரில் தொடங்கிய வைத்தியசாலை இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக ஓங்கியிருக்கிறது. அங்கே வங்காளத்திலிருந்து நோயாளிகள் ஏராளமாக வருகின்றனர். உடன் வரும் உறவினர் இரத்ததானம் செய்கின்றனர். அத்தானக்காரர்களின் இரத்தத்தைத் தென்னாட்டாருடைய இரத்தத்தோடு ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர்கள் 2002-இல் ஒரு விந்தையை வெளியிட்டனர். மேற்கு வங்காளத்தார் பலருக்குத் தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைவு, பருமனில் பெரிது. அவர்களுக்கு இரத்தக்கசிவு ஏதுமில்லை, நோயும் இல்லை. பிறவியிலேயே அமைந்த இயல்பு அது. 2005-இல் அதற்கு ஹாரிஸ் என்ற பெயரும் இடப்பட்டது.

இதை அறியாத ஒருவர் வெறும் எண்ணைக் கண்டு என்ன செய்வார்? நோய் என்று முடிவு கட்டி ஸ்டீராய்டு மருந்து தரலாம்; மண்ணீரலை அகற்றவும் ஆலோசிக்கலாம். மிகப் பெரிய தட்டணுக்களை யந்திரம் கணக்கில் விட்டுவிடுவதால் குறைவு மேலும் குறைவாகத் தோன்றவும் இடமுண்டு. கல்கத்தாவிலே தலைமுறைகளாக வாழ்ந்து, வங்காளக் குடும்பங்களோடு சம்பந்தம் செய்துகொண்ட நம்மவர் வீடுகளிலும் இத்தகைய சீட்டு வந்து சேரக்கூடும்.

யந்திரத்தை ஒதுக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. நாளொன்றுக்குப் பல நூறு பேருடைய இரத்தத்தைத் தட்டில் பரப்பிக் கண்ணால் எண்ணுவது நடவாத காரியம். இன்றைய யந்திரங்கள் ஒளியையும் சாயத்தையும் கொண்டு அணுவின் உட்புறத்தையும் ஓரளவு ஆராய்கின்றன. தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையம் நாடெங்குமுள்ள ஆய்வுக்கூடங்களுக்கு ஒரே இரத்தத்தை அனுப்பி, விடைகளை ஒப்பிட்டு வருகிறது. யந்திரம் எந்தெந்தச் சமயத்தில் ஐயத்துக்குரியது, எப்போது இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் பூசி மனிதக் கண்ணால் பார்த்தே தீரவேண்டும் என்பதற்கு 2005-இல் உலக அறிஞர் குழுவொன்று 41 விதிகளை வகுத்தது. அவ்விதிகளைக் கைக்கொள்ளும் ஆய்வுக்கூடத்தின் சீட்டில், எண்களுக்கெல்லாம் அடியில், இரத்தப்பூச்சு பார்க்கப்பட்டது என்றும், தட்டணுக்கள் திரண்டுள்ளன அல்லது பருத்துள்ளன என்றும் சிறு வரி ஒன்று காணப்படும். மேலே பெரிதாக அச்சாகியிருக்கும் இலக்கத்துக்கு முன்பாகத் தேர்ந்த வைத்தியர் தேடிப் படிப்பது அவ்வரியைத்தான்.