நின்ற லாரியைத் தேடிச் சென்ற பட்டறை

சேர்வராயன் மலையில் ஏற்காட்டு வட்டத்தைச் சேர்ந்த ஊர் வாழவந்தி. அம்மலையூர்களின் காப்பியும் மிளகும் லாரியேறித்தான் சமவெளிக்கு இறங்குகின்றன. சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பாதையில் மட்டும் 20 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுள் ஒன்றில், பாரம் ஏற்றிய லாரி அச்சு முறிந்து நின்றுவிட்டால் என்ன செய்வது? லாரி பட்டறைக்குப் போக இயலாது. பட்டறைதான் லாரியிடம் வரவேண்டும். அந்த ஏற்பாடு வளர்ந்த கதையையே மாணவ நேயர்களுக்கு இன்று கூற விரும்புகிறேன்.

1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். அந்நாளில் பாரம் சுமந்தவை மாடுகள். மாட்டுவண்டியின் அச்சு முறிந்தால் அடுத்த ஊர்த் தச்சரும் கொல்லரும் போதும். மோட்டார் வண்டியோ அப்படியன்று. அதன் உறுப்புகள் கப்பலேறி வந்தன. அதன் நுட்பம் அறிந்தவர் நகரத்தில் இருந்தார். வண்டி நின்ற இடத்துக்கும் அதைச் சீராக்கும் அறிவு இருந்த இடத்துக்கும் இடையே பெருந்தொலைவு உண்டாயிற்று.

1911-இல் மதுரையில் தொழில் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்கார், பழுது நேர்ந்தபின் ஓடுவதைவிட அதைத் தடுப்பதே மேல் என எண்ணியவர். மாட்டு லாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணிகள் பஸ் டயரைக் குத்தாதிருக்க, காந்தம் பூட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டி அவற்றைத் திரட்டச் செய்தார் என்பர். கேட்கச் சிரிப்பு வரலாம்; பஞ்சரால் அரைநாள் வழியில் நின்றவருக்கு வராது!

நடமாடும் பட்டறையை வளர்த்தது போர். முதல் உலகப் போரிலேயே பிரிட்டிஷ் படை, கடைசல் இயந்திரம் பொருத்திய லாரிகளைப் பின்னால் கொண்டு சென்றது. இந்தியப் படையிலும் 1943 அக்டோபர் 15-இல் இப்பணிக்கெனத் தனிப் பிரிவு அமைந்தது. சேனைக்குக் கிட்டிய இவ்வசதி சாமானிய லாரிக்காரருக்குக் கிட்டவில்லை.

எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தோன்றியது. 1954-இல் டாட்டா லாரிகள் வந்தன. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பகுதிகளில், வானம் பார்த்த நிலத்தை நம்பிப் பயனில்லை என்று கண்ட உழவர் பலர் லாரி வாங்கினர். அவர்களுக்கு வாய்த்த நடமாடும் பட்டறை எது? கிளீனர் பையன்தான். வண்டி நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை வைப்பான். மரக்கிளையை ஒடித்து வண்டிக்குப் பின்னால் எச்சரிக்கையாகப் போடுவான். முறிந்த பட்டையையோ பழுதான பம்பையோ கழற்றிச் சாக்கில் சுற்றி, எதிர்ப்பட்ட பஸ்ஸில் ஏறி, நகரத்து மெக்கானிக்கைக் கையோடு அழைத்து வருவான். ஓட்டுநர் பாரத்தைக் காத்து வண்டியடியில் உறங்குவார். இத்தகைய இரவுகளில் வேறு வண்டி மோதி உயிரிழந்தோரும் உண்டு. அவர்களுடைய பெயர்களை எந்த வரலாற்று நூலும் எழுதி வைக்கவில்லை. அந்தக் கிளீனர்களுட் பலர் பின்னாளில் மெக்கானிக்குகளாகவும் லாரி முதலாளிகளாகவும் ஆயினர்.

மேட்டூரில் 1965-இல் உற்பத்தி தொடங்கிய அலுமினிய ஆலைக்கு, சேர்வராயன் மலையின் பாக்சைட்டும் லாரிகளிலேயே இறங்கியது. பாரத்தோடு இறங்கும் வண்டிக்கு, ஏறும் வண்டியைக் காட்டிலும் அபாயம் அதிகம். பிரேக்கை ஓயாது அழுத்தினால் அது காய்ந்து பிடிப்பு இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது அவர்கள் பாடம்.

2020 ஏப்ரலில் பாரத் 6 புகைவிதி வந்தது. புதிய எஞ்சின்களின் கோளாற்றை ஸ்பானர் மட்டும் கொண்டு காண இயலாது. கணினியை இணைத்துத்தான் கேட்கவேண்டும். வண்டி நிறுவனங்கள் தொலைபேசி அழைப்புக்குப் பழுதுபார்க்கும் வேன்களை அனுப்புகின்றன. நல்ல வசதிதான். ஆனால் சாலையோரப் பட்டறைக்காரர் தம் கைத்திறன் செல்லாது நிற்கிறார். கிளீனர் இல்லாமலே பல லாரிகள் ஓடுகின்றன. அலைபேசி எட்டாத மலைமடிப்பில் தனியே நிற்க நேரும் ஓட்டுநரோ, இன்றும் கீழே இறங்கும் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தித்தான் செய்தி அனுப்பவேண்டும்.