கான்ஸ்டபிளுக்கு ஒரு படி மேலே

தேவகோட்டையில் எந்தப் பெரிய வீட்டைச் சுற்றிக் காட்டினாலும் கதை ஒன்றுதான்: பர்மா தேக்கு, பர்மா நெல், வட்டி. அபின் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் 'கொண்டுவிக்க'ப் போன செட்டியார்கள், கல்கத்தாவிலிருந்து வந்த அபினுக்காகச் சீன வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். கிட்டங்கிகளின் வரவில் அதுவும் உண்டு. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அன்றைக்கு அது சட்டப்படியான சரக்கு. கல்கத்தாவில் அதை ஏலம் விட்டதே பிரிட்டிஷ் அரசாங்கம்தான்.

அதனால்தான் 1878-ன் அபின் சட்டம் போதையைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. அதன் கவலை கஜானா. லைசென்ஸ் இல்லாமல் ஒருவன் விற்றால் அரசாங்கத்துக்கு நஷ்டம், அவ்வளவுதான். யார் சோதனை போடலாம், யார் கைது செய்யலாம் என்று 14-ஆம் பிரிவு ஒரு பட்டியல் தருகிறது: ஆயத்தீர்வை, போலீஸ், சுங்கம், உப்பு, அபின், வருவாய். ஆமாம், உப்பு இலாகாவும்தான்! அதிகாரம் பெற்ற அதிகாரி பியூன், கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட பதவியில் இருக்க வேண்டும்.

1985-ல் என்டிபிஎஸ் சட்டம் வந்து பழைய அபின் சட்டங்களை நீக்கியது. ஆனால் அதன் 42-ஆம் பிரிவைப் பாருங்கள். அதே பட்டியல், அதே 'பியூன், கான்ஸ்டபிளுக்கு மேல்'. உப்பு போய், மாநிலத்தின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வந்திருக்கிறது. எங்கள் தொழிலில் இதை லெகசி கோட் என்போம்: யாரோ எப்போதோ எழுதினது, ஓடுதே, தொடாதே.

தமிழ்நாடு அதற்கு மூன்று வருடம் முன்பே, 1982-ன் 14-ஆம் சட்டத்தில், போதைப்பொருள் குற்றவாளியைச் சாராயம் காய்ச்சுகிறவரோடும் குண்டரோடும் ஒரே வரிசையில் வைத்திருந்தது. விசாரணை இல்லாமலே ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். நாம் 'குண்டாஸ்' என்று சாதாரணமாகச் சொல்வது இதைத்தான்.

பழைய பட்டியலோடு ஒரு வில்லங்கமும் கூடவே வந்தது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. 2024 வரை நடைமுறையில் இருந்த 1872-ன் சாட்சியச் சட்டம் அப்படிச் சொன்னது. சரி, சுங்க அதிகாரியிடம் கொடுத்தால்? அவர் போலீஸ் இல்லையே என்று பல வழக்குகளில் ஏற்றுக்கொண்டார்கள். வணிக அளவுச் சரக்கு என்றால் குறைந்தபட்சத் தண்டனையே 10 வருடம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

2004-ல் சென்னையில் ஹெராயினோடு பிடிபட்ட ஒருவரின் வழக்கு, தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு, 2020 அக்டோபர் 29 அன்று முடிந்தது. போலீஸ் வேலையைச் செய்கிற அதிகாரியும் போலீஸ்தான், அவரிடம் கொடுத்த வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். இரண்டுக்கு ஒன்று. நீதிபதி இந்திரா பானர்ஜி உடன்படவில்லை.