பிழை செய்யாதவனுக்கு ஏன் லோயர்?

ஊரில் யாரையாவது பொலிஸ் பிடித்துக்கொண்டு போனால் ஒரு கதை கட்டாயம் வரும். "பிழை செய்யாட்டி ஏன் பயப்பிடோணும்? உண்மையைச் சொன்னா விடுவாங்கள்தானே. லோயர் எதுக்கு?" நாங்களும் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். சிலவேளை நாங்களே சொல்லியும் இருக்கிறோம். இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் சட்ட வரலாற்றில் ஒரு தெளிவான பதில் இருக்கிறது.

1961 ஜூன் 3 அதிகாலை, புளோரிடா மாநிலத்தின் பனாமா சிற்றிக்குப் பக்கத்தில் ஒரு பில்லியர்ட் விளையாட்டுக் கடையை யாரோ உடைத்தார்கள். சிகரெட் மெஷினிலும் பாட்டுப் பெட்டியிலும் இருந்த சில்லறைக் காசும் கொஞ்சம் குடிவகைகளும் களவுபோயின. கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவர் விடியக்காலையில் கடைக்குள் நின்றதைக் கண்டதாக ஒரு இளைஞர் சாட்சி சொன்னார். கிடியனுக்கு அப்போது 50 வயது. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. முன்னரும் பல தடவை சிறைக்குப் போனவர். கையில் காசில்லை.

ஓகஸ்ட் 4 ஆம் திகதி வழக்கு எடுக்கப்பட்டபோது அவர் நீதிபதியிடம் ஒன்றைத்தான் கேட்டார். எனக்கு ஒரு சட்டத்தரணியை நியமித்துத் தாருங்கள் என்றார். மரண தண்டனை விதிக்கக்கூடிய வழக்குகளில் மட்டும்தான் புளோரிடாச் சட்டம் அதற்கு இடம் தருகிறது, மன்னிக்கவும், முடியாது என்றார் நீதிபதி. அப்படி ஒரு உரிமை எனக்கு உண்டு என்று அமெரிக்க உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்றார் கிடியன்.

உண்மையில் அன்றைக்கு அவர் சொன்னது பிழை. உயர் நீதிமன்றம் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. அது ஏன் என்று விளங்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

குற்ற வழக்கில் எதிரிக்குச் சட்டத்தரணியின் உதவி உண்டு என்று அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் 1791 இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் பாரதூரமான குற்றங்களுக்கு விசாரிக்கப்படுபவரின் சார்பில் சட்டத்தரணி முழுமையாக வாதாடவே முடியாது. அந்தத் தடை 1836 இல்தான் நீங்கியது. அதனால் 1791 இன் உரிமைக்கு நீண்டகாலம் ஒரு சிறிய அர்த்தமே இருந்தது. காசு கொடுத்து நீ ஒரு சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு வந்தால் அரசு மறிக்காது, அவ்வளவுதான். காசில்லாதவனுக்கு அரசு என்ன செய்யும் என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கவில்லை.

அந்தக் கேள்வியை எழுப்பியது 1931 இல் அலபாமா மாநிலத்தில் நடந்த ஸ்கொட்ஸ்பரோ வழக்கு. ஒன்பது கறுப்பின இளைஞர்கள் சரக்கு ரயிலில் இரண்டு வெள்ளையினப் பெண்களைப் பாலியல் வல்லுறவு செய்ததாகப் பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். அவர்களில் இளையவர்களுக்கு 13 வயது. ஊரில் உள்ள சட்டத்தரணிகள் எல்லோரும் உதவட்டும் என்று நீதிபதி பொதுவாகச் சொல்லிவிட்டார். எல்லோருக்கும் சொன்ன வேலையை யார் செய்வது? விசாரணை நாள் காலையில்தான் அவர்களுக்காகப் பேச ஆள் வந்தது. கைதாகி ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. 1932 இல் உயர் நீதிமன்றம் இந்தத் தீர்ப்புகளை இரத்துச் செய்தது. மரண தண்டனை வழக்கில், தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத ஒருவருக்கு நீதிமன்றம் சட்டத்தரணியைக் கொடுக்கத்தான் வேண்டும் என்றது.

மற்ற வழக்குகளுக்கு? 1942 இல் மேரிலாந்தைச் சேர்ந்த, வேலையில்லாத பண்ணைத் தொழிலாளி ஒருவரின் வழக்கு வந்தது. விசேட சூழ்நிலை இருந்தால் தவிர மாநிலங்கள் சட்டத்தரணியை நியமிக்கத் தேவையில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவெடுத்தார்கள். ஹியூகோ பிளாக் என்ற நீதிபதி அதை எதிர்த்து எழுதினார். கிடியனுக்குக் கதவைச் சாத்தியது இந்த 1942 தீர்ப்புத்தான்.

ஆகவே கிடியன் தன் வழக்கைத் தானே பேசினார். சாட்சிகளைக் கூப்பிட்டார், குறுக்கு விசாரணை செய்தார், தான் குற்றவாளி இல்லை என்று ஜூரிக்குச் சொன்னார். ஒரு சாதாரண ஆளால் எவ்வளவு செய்ய முடியுமோ அவ்வளவு செய்தார். ஐந்து வருடச் சிறை கிடைத்தது.

1962 ஜனவரியில் சிறைச்சாலையின் கோடு போட்ட தாளில், பென்சிலால், உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மனு எழுதினார். நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுத்தது. வாஷிங்டனின் பிரபல சட்டத்தரணியான ஏப் ஃபோர்ட்டாஸை அவருக்காக நியமித்தது. ஃபோர்ட்டாஸ் தன் வாதத்தில் கிளாரன்ஸ் டாரோவை நினைவூட்டினார். டாரோ அந்த நாட்டின் மிகப் பெரிய குற்றவியல் சட்டத்தரணிகளில் ஒருவர். அவர் மேலேயே ஒரு தடவை வழக்கு வந்தபோது, தனக்கு ஒரு சட்டத்தரணி தேவை என்றுதான் அவரும் முதலில் உணர்ந்தார். டாரோவுக்கே தேவையென்றால் கிடியனுக்கு?

புளோரிடா மற்ற மாநிலங்களிடம் ஆதரவு கேட்டுக் கடிதம் அனுப்பியது. விளைவு தலைகீழாகப் போனது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் கிடியன் பக்கம் நின்றன. புளோரிடாவுக்கு ஆதரவாக இரண்டே இரண்டு மாநிலங்கள். 1963 மார்ச் 18 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். எழுதியவர் அதே ஹியூகோ பிளாக், 21 வருடம் கழித்து. அவருடைய நியாயம் எளிமையானது. வழக்குத் தொடுக்க அரசு காசு செலவழித்துச் சட்டத்தரணிகளை வைத்திருக்கிறது. காசுள்ளவர்களும் தங்களுக்கு ஒருவரை வைத்துக்கொள்கிறார்கள். அப்படியென்றால் அது ஆடம்பரம் இல்லை, அத்தியாவசியம்.

நாங்கள் தொடங்கிய கேள்விக்குப் பதில் மறுவிசாரணையில் கிடைக்கிறது. 1963 ஓகஸ்ட் 5. அதே நீதிபதி, அதே கிடியன், அதே முக்கிய சாட்சி. புதிதாக வந்தவர் உள்ளூர்ச் சட்டத்தரணி பிரெட் டேர்னர் ஒருவர்தான். களவெடுத்தவர்களுக்குக் காவல் நின்றதே இந்தச் சாட்சியாக இருக்கலாமே என்ற சந்தேகத்தை அவர் ஜூரியின் மனதில் போட்டார். கிடியனை ஏற்றிப்போன டாக்சி சாரதியிடம், அவர் கையில் போத்தல் ஏதும் இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றார் சாரதி. ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் ஜூரி திரும்பி வந்தது. குற்றவாளி இல்லை.

முதல் விசாரணையிலும் கிடியன் அதே உண்மையைத்தான் சொன்னார். அதை நிறுவ எந்தக் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரியாமல் இருந்தது. அந்த அறியாமைக்கு அவர் கொடுத்த விலை இரண்டு வருடம்.

இந்தத் தீர்ப்பால் புளோரிடாவில் நூற்றுக்கணக்கானோர் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். மாநிலம் அரச செலவில் இயங்கும் சட்டத்தரணி அலுவலகங்களை அமைத்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றில்லை. அமெரிக்காவில் இன்றைக்கும் அப்படியான சட்டத்தரணிகள் தாங்க முடியாத அளவு வழக்குகளைச் சுமக்கிறார்கள். சில நிமிடம் மட்டும் பேசிவிட்டு வழக்குக்குப் போக வேண்டிய நிலை பலருக்கு.

எங்கள் நாட்டுக்கு வருவோம். 1978 அரசியலமைப்பின் 13(3) ஆம் உறுப்புரை, குற்றஞ்சாட்டப்பட்டவர் தானாகவோ சட்டத்தரணி மூலமாகவோ நியாயமான விசாரணையில் தன் பக்கத்தைச் சொல்ல உரித்துடையவர் என்கிறது. காசில்லாதவருக்கு யார் சட்டத்தரணியைத் தருவது என்று அதில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. இலவசச் சட்ட உதவி பற்றி 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டமும் பேசுகிறது. இவை இருப்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்று, 13(3) பேசுவது குற்றஞ்சாட்டப்பட்டவரைப் பற்றி. அதற்கு முன்னால், பொலிஸ் நிலையத்தில் நடப்பது வேறு கதை. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க வழிசெய்தது. தங்களுக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்து வைத்த எத்தனையோ பேரின் கதை எங்களுக்குப் புதிதல்ல. நீதிமன்றத்துக்குச் சட்டத்தரணி வந்து சேரும் நேரத்தில் அந்தக் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருக்கும்.

ஆகவே அடுத்த தடவை யாராவது "பிழை செய்யாதவனுக்கு ஏன் லோயர்?" என்று கேட்டால், கிடியனின் கதையைச் சொல்லுங்கள். லோயர் அதிகம் தேவைப்பட்டது, பிழை செய்யாமலே பிடிபட்ட ஆட்களுக்குத்தான்.