கங்காணியின் கண்



படித்து முடித்து வேலை தேடும் என் பழைய மாணவர்கள் சிலர் அண்மையில் ஒரு கேள்வி கேட்டனர். வேலைக்கு ஆள் எடுப்போர் முகநூலைத் துருவிப் பார்க்கிறார்களாமே, எங்கள் குடும்பப் படங்களுக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்பதே அது. இக்கேள்வி புதியதன்று. மலாயாத் தமிழர் வரலாற்றில் இதற்கு ஆழமான வேர் உண்டு.

பினாங்கில் பிட் தெரு என முன்பு வழங்கிய சாலை, இன்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை எனப்படுகிறது. 1801இல் அங்குப் பள்ளிவாசல் எழக் காரணமாயிருந்த காதர் மொகிதீன், இந்தியச் சமூகத்தின் தலைவராகிய 'கப்பித்தான்' பதவி வகித்தவர். ஆங்கிலேயர் மக்களைத் தனித்தனியே அறிய முயலவில்லை. தலைவர் ஒருவர் வழியாகவே அறிந்தனர். இடையில் ஒருவரை வைக்கும் இவ்வழக்கம் பின்னர்த் தோட்டங்களிலும் வேறொரு வடிவில் வேரூன்றியது. அவ்வடிவமே கங்காணி முறை.

நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த கப்பல்கள் இச்சாலைக்கு அருகிலுள்ள துறைமுகத்தை அடைந்தன. அவற்றில் வந்தோர் பலரைத் திரட்டியவர் கங்காணியே. தோட்ட நிருவாகம் அவரிடம் பணம் கொடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்பும். அவர் தம் உறவினரையும் அண்டை வீட்டாரையும் அழைத்து வருவார். தலைக்கு இவ்வளவு என்று தரகு பெறுவார். இன்றைய மொழியில் சொன்னால், அவரது உறவு வட்டமே ஆள்சேர்ப்புத் தளம்.

இதில் நன்மையும் இருந்தது. தெரிந்த முகத்தை நம்பிக் குடும்பங்கள் சேர்ந்தே வந்தன. ஆனால், அதற்கு விலையும் இருந்தது. வேலைக்குச் சேர்த்தவரே வேலை வாங்குபவராகவும் கடன் கொடுத்தவராகவும் ஊரறிந்த உறவினராகவும் இருந்தார். தொழிலாளியின் கடன், சாதி, குடும்பச் சிக்கல் யாவும் அவருக்குத் தெரியும். அவரைப் பகைத்துக்கொண்டவனுக்கு வேலையோடு ஊராரின் ஆதரவும் போய்விடும். கங்காணி என்னும் சொல் 'கண்காணி' என்பதன் திரிபு. கண்காணிப்பு என நாம் இன்று சொல்வதும் அதே சொற்குடும்பம்தான்.

இப்பிடி சிறிது சிறிதாகவே தளர்ந்தது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி தோன்றி, பயணச் செலவை முதலாளிமார் தலையில் வைத்தது. கடனோடு கரையிறங்கும் நிலை குறைந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் ஒழிந்தது. 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. கங்காணி வழி ஆள்சேர்ப்பும் அத்துடன் முடிவுக்கு வந்தது.

இன்று அதே பணியை முகநூலும் லிங்க்ட்இனும் செய்கின்றன. ஒரு வேறுபாடு உண்டு. அன்று நம் வீட்டு நிலையைக் கங்காணி தாமாகவே அறிந்திருந்தார்; இன்று நாமே எழுதிக் கையில் கொடுக்கிறோம். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி 2013இல் நடப்புக்கு வந்தது. எனினும், நாமே ஊரறியப் பரப்பியதை எந்தச் சட்டமும் திரும்ப அள்ளித் தராது.

ஆகவே மாணவர்களே, தொழிலுக்கு ஒரு கணக்கு, உற்றார்க்கு ஒரு கணக்கு என வைத்துக்கொள்ளுங்கள். முன்னதில் உங்கள் கல்வியும் திறனும் இருக்கட்டும். பின்னதன் கதவைத் தாழிட்டு வையுங்கள். உழைப்பை மட்டும் விற்று வாழ்வைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமை நம் பாட்டன்மாருக்கு எளிதில் வாய்க்கவில்லை. நமக்கு வாய்த்திருக்கிறது, அதை விலையின்றி விட்டுவிட வேண்டாம்.