பழியும் போலியும்: ஒரு குற்றம் பெயர் தேடிய வரலாறு

பெயர்களைக் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என நம் இலக்கணிகள் பகுத்தனர். காரணப்பெயர் ஒன்று பிழையான காரணத்தைச் சுமந்து வந்தால் என்ன நேரும்? அண்மைக்கால இங்கிலாந்தின் ஊடக வரலாறு இதற்கு விடை சொல்கிறது.

பெண்ணின் அந்தரங்கப் படத்தை அவள் இசைவின்றிப் பரப்புவதை அந்நாட்டு நாளேடுகள் 'ரிவெஞ்ச் போர்ன்', அதாவது பழிவாங்கும் ஆபாசம், என்றே எழுதி வந்தன. பழி என்றால் அவள் முன்னர் ஏதோ தீங்கிழைத்தாள் என்றாகிறது. ஆபாசம் என்றால் காண்பதற்கென எடுத்த காட்சி என்றாகிறது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 2015ஆம் ஆண்டுச் சட்டமும் இதே நோக்கில்தான் அமைந்தது. மனத்துயர் விளைவிக்கும் எண்ணம் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்றது. பணத்துக்காகவோ வேடிக்கைக்காகவோ பரப்பினேன் என்பவனுக்கு அது வாயிலைத் திறந்து வைத்தது. சாதாரணப் படத்தைத் திரித்து ஆபாசமாக்கினால் அது சட்டத்தின் வரையறைக்குள் வரவேயில்லை.

2017இன் இறுதியில் ரெட்டிட் தளத்தில் 'டீப்ஃபேக்ஸ்' என்ற புனைபெயர்க்காரர் ஒருவர், செயற்கை நுண்ணறிவின் துணையால் நடிகையர் முகங்களை ஆபாசக் காணொளிகளில் பொருத்தி வெளியிட்டார். 2018 பிப்ரவரியில் அத்தளம் அக்குழுவை மூடியது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நம் இலக்கணப்படி இது கருத்தாவாகுபெயர். நூலாசிரியர் பெயர் நூலுக்கு ஆகிவருவதுபோல, குற்றம் புரிந்தவர் பெயர் குற்றத்துக்கு ஆகிவந்தது. 2019இல் டீப்ட்ரேஸ் நிறுவனம் இணையத்தில் இத்தகைய காணொளிகள் 14,678 எனக் கணக்கிட்டது. அவற்றுள் 96 விழுக்காடு இசைவற்ற ஆபாசக் காணொளிகள். எனினும் 'போலி' என்ற சொல், பார்ப்பவர் ஏமாறுவாரா என்ற வினாவையே முன்னிறுத்தியது. தேர்தலும் தலைவர்களின் பொய்யுரையும் பேசுபொருளாயின. போலியென்று ஊரறிந்த பின்னும் அப்பெண்ணுக்கு நேர்ந்த இழிவு குறைவதில்லை என்பது பின்னுக்குப் போயிற்று.

அதே 2017இல் கிளேர் மெக்ளின், எரிக்கா ராக்லி என்னும் சட்ட அறிஞர் இருவர், 'படவழிப் பாலியல் வன்முறை' என்று பொருள்படும் தொடரை ஆய்விதழ் ஒன்றில் முன்வைத்தனர். இதில் பழி இல்லை, ஆபாசம் இல்லை, கருவியின் பெயரும் இல்லை. செயல் மட்டுமே உண்டு. பிரித்தானியாவின் 2023ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம், துயர்தரும் எண்ணத்தை மெய்ப்பிக்கத் தேவையில்லாத அடிப்படைக் குற்றம் ஒன்றை வகுத்தது. உருவாக்கப்பட்ட படங்களையும் அதனுள் அடக்கியது. 2024 ஜனவரி 31 அன்று அப்பிரிவு நடைமுறைக்கு வந்தது. இத்தகைய படத்தை உருவாக்குவதையே குற்றமாக்கும் சட்டம் 2025இல் நிறைவேறியது. சொல் மட்டுமே சட்டத்தை மாற்றிற்று என்று நாம் வாதிடவில்லை. பாதிக்கப்பட்டோரின் நெடிய போராட்டமே மாற்றியது. அப்போராட்டத்துக்குப் பொருத்தமான பெயர் தேவைப்பட்டது.

நம் நாளேடுகள் இன்றும் 'மார்பிங் செய்து ஆபாசப் படம் வெளியிட்டவர் கைது' என்றே எழுதுகின்றன. அத்தொடரில் தொழில்நுட்பம் இருக்கிறது, ஆபாசம் இருக்கிறது. வன்முறை மட்டும் இல்லை. சொல்லாக்கத்தில் தேர்ந்த நம் மொழி அதையும் சொல்லக்கூடியதே.