காசு சொந்தம், தலை இரவல்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குச் சொந்தக் காசு இருந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்று பொறித்த செப்புக்காசு. அம்மன் காசு என்பார்கள். இருபது சேர்ந்தால் ஓர் அணா. நீதிமன்றக் கட்டண வில்லைகளும் முத்திரைத்தாள்களும்கூடச் சமஸ்தானத்தின் பெயரிலேயே அச்சாயின. கடிதத்தின் மேல் ஒட்டுகிற தலையை மட்டும் தொண்டைமான் அரசு வெளியிடவே இல்லை. விக்டோரியா ராணி முதல் ஆறாம் ஜார்ஜ் வரை, எந்த முடிதரித்த தலை பிரிட்டிஷ் இந்தியாவில் செல்லுபடியானதோ அதுவே புதுக்கோட்டைக் கடிதத்திலும் ஏறியது. திருவிதாங்கூர் 1888-இலேயே சங்குச் சின்னத்தோடு தன் அஞ்சல் தலையை வெளியிட்டது; கொச்சி 1892-இல் தொடர்ந்தது. அதனால் சேகரிப்பாளர்கள் வேதமாக வைத்திருக்கும் பட்டியல் நூல்களில் இந்த இரண்டுக்கும் பக்கம் பக்கமாக இடம் உண்டு. புதுக்கோட்டை என்ற தலைப்பே கிடையாது.

இதை ஒரு குறையாக எண்ண வேண்டியதில்லை. அஞ்சல் தலையில் வரும் மாற்றங்கள் யாரைத் தொடுகின்றன என்று ஆராயப் புதுக்கோட்டையைப் போன்ற ஊரே தோதானது. இங்கே தலையில் இருந்த படம் எப்போதும் வேறெங்கோ முடிவானது. ஊருக்குச் சொந்தமாக உறையில் இருந்தவை இரண்டே: தபாலாபீசில் குத்திய முத்திரை, எழுதியவரின் கையெழுத்து. ஆகவே தலையின் படம் மாறியபோதெல்லாம் இந்த ஊருக்குப் பெரிய நட்டம் எதுவும் நேரவில்லை. தலையும் முத்திரையும் சேர்ந்தே உறையை விட்டுப் போகிற இன்றைய மாற்றம்தான் முதல் உண்மையான நட்டம். அந்த நட்டம் சேகரிப்பவருக்கும் எழுதுபவருக்கும் பொது என்பது என் வாதம். இருவரும் எதிரெதிர் நலன் உள்ளவர்கள் என்று பொதுவாக நினைக்கிறோம். தலை மாறினால் சேகரிப்பவருக்குக் கொண்டாட்டம், எழுதுபவருக்குச் சங்கடம் என்பது அந்த நினைப்பு. அது பாதி உண்மைதான்.

1854 அக்டோபரில் இந்தியா முழுமைக்குமான தலைகள் வந்தபோது எழுதுபவருக்குக் கிடைத்தது படம் அல்ல, ஓர் உறுதிமொழி. தூரம் எதுவானாலும் எடைக்குத் தக்க ஒரே கட்டணம். அதை அனுப்புகிறவர் முன்கூட்டியே கட்டிவிடலாம். கட்டாமல் அனுப்பினால் பெறுகிறவரிடம் இரட்டிப்பு வசூல். 1879-இல் கால் அணாவுக்குத் தபால் கார்டு வந்தது. புதுக்கோட்டைக் கணக்கில் ஐந்து அம்மன் காசு. 1854-இன் முதல் வெளியீட்டில் ராணியின் தலை கவிழ்ந்து அச்சான நாலணாத் தலை இன்று உலகப் புகழ்பெற்ற அபூர்வம். அதை ஒட்டி அனுப்பியவருக்கோ கடிதம் போய்ச் சேர்ந்தால் போதும் என்றுதான் இருந்திருக்கும்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு நேரடியாகப் பொருந்தும் உதாரணம் பர்மா. ராயவரம், ராங்கியம், கோனாபட்டு, அரிமழம் போன்ற நகரத்தார் (செட்டியார்) ஊர்களிலிருந்து ரங்கூனுக்கும் மோல்மேனுக்கும் ஐராவதி கழிமுகத்து நெல் விளையும் ஊர்களுக்கும் வட்டிக்கடை வைக்கப் போனார்கள். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடியது கடிதம்தான்: வரவு செலவு, பெண்பார்த்தல், கோயில் காரியம், ஆள் மாற்றம் எல்லாம் அதில்தான். 1937 மார்ச் முடிய, ரங்கூனிலிருந்து ராயவரத்துக்கு வந்த கடிதமும் தஞ்சாவூரிலிருந்து வந்த கடிதமும் தபால் கணக்கில் ஒன்றே. அதே இந்தியத் தலை, அதே உள்நாட்டு முறை. ஏப்ரல் 1 அன்று பர்மா தனி நிர்வாகமானது. ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட அதே இந்தியத் தலையின் மேல் ‘பர்மா’ என்று ஆங்கிலத்தில் மேலச்சு அடித்து விற்றார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் பர்மாவுக்கென்றே வரைந்த தலைகள் வந்துவிட்டன. பெருமந்தத்தில் கடன் திரும்பாமல், 1937 வாக்கில் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. அந்த நிலத்தின் கதி என்ன ஆகும் என்ற கேள்விக்கான முதல் அறிகுறியை, வாசலில் வந்து விழுந்த உறையின் மூலையிலேயே ஊரார் பார்க்க முடிந்தது. ராஜதானிச் செய்தித்தாள் எட்டாத வீட்டிலும் அந்த மேலச்சு எட்டியது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இருந்த தலைகளில் அரசர் முகத்தை மறைக்க மயில் உருவத்தை மேலச்சிட்டு வெளியிட்டார்கள்; பின்னர் ஆக்கிரமிப்பு அரசின் புதிய தலைகளும் வந்தன. பர்மா சேகரிப்பில் இதைவிடச் செழிப்பான அத்தியாயம் இல்லை. இதைவிடப் போலிகள் மலிந்த அத்தியாயமும் குறைவு. அதே காலத்தில் எதிரி வசமிருந்த பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு வழக்கமான தபால் இல்லை. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் உண்டு. வராதவர்களிடமிருந்து கடிதம் மட்டும் வரவில்லை. சேகரிப்பாளரின் ஆல்பம் நிறைந்த ஆண்டுகளில் செட்டிநாட்டு வீடுகளுக்குத் தகவலே இல்லை. சேகரிப்பவரும் எழுதுபவரும் எதிரெதிர் என்போருக்கு இதைவிட வலுவான சான்று கிடைக்காது. ஆனால் சந்தையைக் கவனித்தால் கதை மாறுகிறது. ஒட்டப்படாத மயில் தலையைவிட, அது உண்மையாகவே பயணம் செய்த உறைக்குத்தான் மதிப்பு அதிகம். போலிகளிலிருந்து அசலைப் பிரித்துக் காட்டுவதில் முத்திரைக்கும் முகவரிக்கும் பெரும்பங்கு உண்டு. எழுதியவர் இல்லையென்றால் சேகரிப்பவர் கையில் இருப்பது அச்சகத்துக் காகிதம்தான். சேகரிப்புக் கலையின் முழு அந்தஸ்தும் யாரோ ஒரு கணக்கப்பிள்ளை அவசரமாக ஒட்டிய தலையின் மேல் நிற்கிறது.

பிறகு வந்த மாற்றங்கள் புதுக்கோட்டையை லேசாகவே தொட்டன. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. தனியரசு ஒன்று மறைந்த அந்த நாளின் கடிதத்தில் எந்த அடையாளமும் இல்லை. நாடு விடுதலை பெற்று அரையாண்டு கடந்தும் ஆறாம் ஜார்ஜ் தலை புழக்கத்தில் இருந்தது. அவர் அன்றாடத் தலைகளிலிருந்து இறங்கியது 1949 ஆகஸ்டில், கோயில்களும் சிற்பங்களும் கொண்ட புதிய வரிசை வந்தபோதுதான். 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது. ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா என்பதால் சில்லறை சரிப்படவே இல்லை. இந்திய வரைபடம் போட்ட அன்றைய தலைகளில் 6, 13 என்று விநோத மதிப்புகள் இருப்பது அந்தக் குழப்பத்தின் தழும்பு. 1971 நவம்பரில் கிழக்கு வங்க அகதிகளுக்காகக் கடிதங்கள்மீது ஐந்து பைசா கூடுதல் வரி விழுந்தது. சிறப்புத் தலை வந்து சேரும்வரை பல இடங்களில் இருந்த தலையின் மேலேயே உள்ளூரில் முத்திரை குத்திச் சமாளித்தார்கள். ஊருக்கு ஊர் வேறுபடும் அந்த முத்திரைகளைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடுகிறார்கள். கார்டு அந்த வரியிலிருந்து விலக்குப் பெற்றது. ஏழையின் கடிதத்தைத் தொடக்கூடாது என்ற அந்த முடிவு, வரலாற்றில் உரிய கவனம் பெறவில்லை என்று தோன்றுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். சேகரிப்பவரை நம்பித்தானே இன்று தலையே அச்சாகிறது? 2006-இல் சந்தன வாசம் வீசும் தலை, 2011-இல் கதர்த் துணியில் காந்தி, பணம் கட்டினால் நம் படத்தையே சேர்த்துத் தரும் ‘மை ஸ்டாம்ப்’ எல்லாம் எழுதுபவருக்காகவா வந்தன? திருமயத்தில் பிறந்த விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்திக்கு 1987-இல் தலை வெளியிட்டதால்தானே இந்த மாவட்டமும் தலைமேல் ஏறியது? நியாயமான கேள்விகள். வாசனைத் தலை எனக்கு வேடிக்கையாகவே படுகிறது. ஆனால் சத்தியமூர்த்தித் தலை வேடிக்கை அல்ல. பயணம் செய்யாத தலையை அஞ்சல் துறை விற்றால் சேவை தராமலே காசு பெறுகிறது. அந்த வருமானத்தைக் குறை சொல்ல முடியாது. என் மறுப்பு வேறு இடத்தில். சத்தியமூர்த்தித் தலை ஓர் உறையில் ஒட்டப்பட்டு, அதன்மேல் திருமயம் தபாலாபீசின் தேதி முத்திரை விழுந்தால்தான் அது இந்த ஊரின் ஆவணம். நாசிக்கில் அச்சாகி நேரே ஆல்பத்துக்குப் போனால் அது நாசிக்கின் ஆவணம்.

அந்த முத்திரைக்குத்தான் இப்போது வேலை குறைகிறது. கவுண்டரில் கொடுக்கும் கடிதத்துக்குக் கணினி அச்சிட்ட பட்டைக்குறி வில்லை போதும், தலை கட்டாயமில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டுப் பதிவுத் தபாலும் விரைவுத் தபாலுக்குள் போய்விட்டது. தலைகள் வரிசையாக ஒட்டி, மேலே ஆர் என்ற எழுத்தோடு ஊர்ப்பெயரும் எண்ணும் கொண்ட சீட்டு சேர்ந்த அந்தக் கனத்த உறையை இனிப் பார்க்க முடியாது. வில்லையிலும் அலுவலகப் பெயரும் தேதியும் இருக்கின்றனவே, தகவல் அப்படியேதானே இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது, மங்கும்வரை. வெப்பத்தாளில் பதியும் அச்சுக்கு ஆயுள் குறைவு. 1937-இன் முத்திரை மையை இன்றும் படிக்க முடிகிறது. அதைவிட முக்கியமானது எழுதுபவரின் நிலை. வீட்டில் தலை வாங்கி வைத்திருப்பவர் நினைத்த நேரத்தில் எழுதி எந்தப் பெட்டியிலும் போடலாம். வில்லை வேண்டுமென்றால் வேலைநேரத்தில் கவுண்டருக்குப் போக வேண்டும். 1854 தந்த உறுதிமொழியின் சாரமே முன்கூட்டிக் கட்டிவைக்கும் அந்தச் சுதந்திரம்தான்.

பிரிட்டன் வேறொரு வழியில் போனது. அன்றாடத் தலைகளிலேயே பட்டைக்குறியைச் சேர்த்துவிட்டு, 2023 ஜூலை 31-க்குப் பிறகு குறியில்லாத பழைய அன்றாடத் தலைகள் செல்லாது என்றது. மாற்றிக்கொள்ளத் திட்டம் இருந்தது. நினைவுத் தலைகளுக்கு விலக்கும் இருந்தது. போலிக் குறி என்று இயந்திரம் சொன்னால் பெறுகிறவரிடம் ஐந்து பவுண்டு கேட்டார்கள். எதிர்ப்பு வலுத்ததும் நிறுத்தி வைத்தார்கள். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் இரட்டிப்பு வசூலுக்கு ஆளானவரும் பெறுகிறவரே. தலைமேல் உள்ள நம்பிக்கை சற்று ஆடினாலும் அதன் செலவு கடிதத்தின் மறுமுனையில் இருப்பவர் தலையில் விழுகிறது.

கடிதமே ஒழிகிறபோது தலையைப் பற்றி என்ன பேச்சு என்பார்கள் சிலர். டென்மார்க்கில் அரசு அஞ்சல் நிறுவனம் 2025 இறுதியோடு கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. புதுக்கோட்டையிலும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் சேதி கைப்பேசியில் வருகிறது. அதைக் கடிதத்துக்குத் திருப்ப முடியாது, திருப்பவும் வேண்டாம். ஆனால் எழுதுபவர் குறைந்துவிட்டார் என்பது, மிச்சமிருப்பவரின் வழியைக் கடினமாக்கக் காரணம் ஆகாது. கார்டு இன்னும் அரை ரூபாய்க்குக் கிடைக்கும் நாட்டில், ஒட்டிய தலைமேல் ஊர்ப்பெயர் தெளிவாக விழும்படி முத்திரை குத்துவது செலவுள்ள காரியமும் அல்ல.

சேகரிப்பவர்களும் ஒரு பழக்கத்தை விட்டாக வேண்டும். தலையை மட்டும் வெட்டித் தண்ணீரில் ஊறவைத்து ஆல்பத்தில் ஒட்டும் வழக்கத்தால் செட்டிநாட்டு உறைகள் எத்தனையோ சிதைந்திருக்கின்றன. ‘பர்மா’ மேலச்சுத் தலை தனியாக உலகெங்கும் மலிவாகக் கிடைக்கும். மோல்மேன் முத்திரையோடு, கோனாபட்டு விலாசத்தோடு, பின்புறம் வந்துசேர்ந்த தேதியோடு ஒரு முழு உறை கிடைத்தால் அது வட்டிக்கடை வரலாற்றுக்கே சான்று. திருக்கோகர்ணத்து அருங்காட்சியகம் 1910 முதல் இந்த நாட்டின் காசையும் கல்வெட்டையும் காத்து வருகிறது. காசைப் போலவே உறையும் காக்கத் தக்கது என்று குடும்பங்கள் கருதினால், பரணில் கட்டிவைத்த கடிதக்கட்டுகளைக் கத்தரிக்கோல் படாமல் அப்படியே அங்கே ஒப்படைக்கலாம்.